கொட்டு அடிக்காத மாசத்துல ஒடார்லே காட்டுன வேடிக்கை

ஒடார்லே நல்லவதான்னு ஒத்துக்க எனக்கு எழுவது வயசு ஆக வேண்டியிருந்துச்சு. பதினோரு வருஷமா ஒரே வளவுல, ஒரு முத்தத்தச் சுத்தி இருக்கிற ரூமுங்கள்ல, குடியிருக்கோம். அவ கதவும் என் அடுப்பும் நேருக்கு நேரு. அத்தன வருஷத்துல நான் அவளத் திட்டாத நாளு ஒண்ணு ரெண்டு இருந்தா, அன்னிக்கு எனக்குத் தொண்ட கட்டியிருக்கும், அவ்வளவுதான்.

இப்ப எங்க கடலோர ஊரு அக்ராவுக்கு வர்ற வெளிநாட்டு ஆளுங்க எங்க பழைய பேட்டையப் பாக்கணும்னா, அவளத்தான் தேடி வராங்க. கலங்கரை வெளக்கு மேல ஏத்திக் காட்டுவா. குத்துச்சண்டக் கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போவா. செவுத்துல வரஞ்ச படம், கடக்கரையில படகு, எல்லாம் சுத்திட்டுக் கடைசியில எங்க வளவுக்கு வந்து உக்கார வைப்பா. அங்க நாலு கொட்டு, ஆறு ஆட்டக்காரிங்க, அப்புறம் நான் அவிச்ச கென்கே. புளிச்ச சோளமாவ உருட்டி, சோளத் தோகையில சுத்தி அவிக்கிறது. பொரிச்ச மீனும் கருப்பு மொளகாத் தொக்கும் வச்சுத் தின்னா, வெள்ளக்காரனுக்கு மூக்குல தண்ணி ஊத்தும். ஊத்தட்டும்.

அவ பொறந்தது குத்துச்சண்டக்காரங்க தெருவுல. அவ அப்பன் சண்ட போட்டவன் இல்ல, சண்டக்காரங்க கையில சுத்துற துணியத் தொவச்சுப் போட்டவன். பள்ளிக்கூடத்துல மூணு வருஷம் இருந்தா. அப்புறம் தலையில கூடைய வச்சுத் தண்ணிப் பாக்கெட் வித்தா. கடக்கரையில வித்து வித்துத்தான் இங்கிலீசு கத்துக்கிட்டா. பெரிய ஓட்டல் ஒண்ணுல தட்டு கழுவுற வேல கெடச்சுது. அந்த ஓட்டல்ல சனிக்கெழமையானா புல்லுல பாவாட கட்டிக்கிட்டு நாலு பேரு குதிப்பானுங்களாம். அது எந்த ஊரு ஆட்டம்னு குதிக்கிறவனுக்கே தெரியாது. ஒரு நாளு விருந்தாளிப் பொம்பள ஒருத்தி, "ஆட்டம் எப்பிடி?"ன்னு இவகிட்டக் கேட்டிருக்கா. இவ சும்மா இருந்திருக்கலாம்ல? "இது ஆட்டமே இல்ல, எங்க பக்கம் வந்து பாரு"ன்னுட்டா. வேல போச்சு.

ஆனா அந்தப் பொம்பள நெசமாவே வந்துட்டா, புருஷனோட. அப்பதான் ஒடார்லே எங்க வளவுல ஒரு ரூமு எடுத்து மூணு மாசம் ஆயிருந்துச்சு. ஒடார்லே புருஷன் அதுக்கு முன்னாடியே வேற ஒருத்தியோட வடக்க போயிட்டான். நான் அடுப்புக்கு முன்னாடி உக்காந்து மாவு கெளறிட்டிருக்கேன். ரெண்டு பேரும் வந்து என் மூஞ்சிக்கு நேரா கேமராவ நீட்டுறாங்க.

"ஏய், யாருடி இதுங்க?"

"வேடிக்க பாக்க வந்தவங்க பெரிம்மா."

"எம்மூஞ்சியில என்னடி வேடிக்க? அவன் ஆத்தா மூஞ்சியப் போயி புடிக்கச் சொல்லு! போங்கடா அந்தாண்ட! கரண்டியில சூடு வச்சிருவேன்!"

அவ அவங்ககிட்ட என்னமோ பேசுனா. அவங்க சிரிச்சாங்க. இவ திரும்பி எங்கிட்ட சொல்றா: "பெரிம்மா, நீங்க திட்டுறது அவங்களுக்கு ரொம்பப் புடிச்சிருக்காம். இன்னொரு வாட்டி திட்டச் சொல்றாங்க."

அவ அப்பிடித்தான். அவள அடக்கணும்னா அவள விட ஒசரமா ஒரு செவுரு வேணும்.

அடுத்த வாரமே ஒரு சட்டம் வச்சா. மொதல்ல கும்புடு, அப்புறம் படம். வளவுக்குள்ள நொழஞ்சா வலதுகைப் பக்கத்துல உக்காந்திருக்கிறவங்கள்லேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தருக்கா கை குடுத்து வரணும். நாயி ஒண்ணுக்குத்தான் குடுக்க வேணாம். எடது கைய நீட்டிறக் கூடாதுன்னு, வர்ற ஒவ்வொருத்தன் எடது மணிக்கட்டுலயும் ஒரு துணிக் கிழிசலக் கட்டி விட்டுருவா. அதப் பாத்ததும் அவனுக்கு ஞாபகம் வந்துரும். பெரிய பெரிய உத்தியோகக்காரனெல்லாம் கையில கிழிசலக் கட்டிக்கிட்டு எங்கிட்ட வந்து, "வணக்கம் அம்மா"ன்னு எங்க பேச்சுலயே சொல்லுவான். சொல்றது தப்புத்தப்பாத்தான் இருக்கும். இருந்தாலும் சொல்லுவான்.

அதுக்கப்புறம் எம்புருஷன் செத்துப்போனான். மீன் புடிக்கப் போறவன்தான், ஆனாலும் படகு கவுந்து சாவல, படுக்கையில கெடந்துதான் போனான். எங்க வழக்கப்படி ஒரு வருஷம் கருப்புத் துணி கட்டணும். கருப்பு கட்டுனவ கையால அவிச்சத வாங்கித் தின்ன எங்க ஜனம் யோசிக்கும். வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, அடுத்த தெருவுல வாங்கிக்குவாங்க. மாவு புளிச்சுப் புளிச்சுக் கொட்ட வேண்டியதாச்சு. அப்ப ஒடார்லே என்ன பண்ணுனா தெரியுமா? வர்ற விருந்தாளிங்க எல்லாருக்கும் என் கென்கேதான்னு வச்சுட்டா. அவனுக்குக் கருப்பும் தெரியாது செவப்பும் தெரியாது. பசி தெரியும், தின்னான். அந்த ஒரு வருஷம் என் அடுப்பு அணையாம இருந்ததுன்னா அது அவளாலதான்.

நன்றி சொன்னேனான்னு கேக்குறீங்களா? சொல்லல. "உன் ஆளுங்க தோகைய அங்கங்க போட்டுட்டுப் போறாங்க, கூட்டித் தொலை"ன்னு சொன்னேன்.

எம்புருஷனுக்கு ஒரு தம்பி. பேரு ஆர்மா. அண்ணன் போனதும் குடும்பத்துக்கு அவன்தான் தல. வளவு அவன் பேச்சுலதான் நடக்கும். ஒடார்லே விருந்தாளிங்கள உக்கார வைக்கிற எடத்துல மதுக்கடை போடணும், வாசல்ல ஆளு ஒசரத்துக்கு ஸ்பீக்கர் வைக்கணும்னு அவனுக்கு ரொம்ப நாளு ஆச. ஆனா ஒடார்லே மேல ஒரு கொறையும் இல்லாம எப்பிடித் தொரத்துவான்? வளவுல மத்தவங்க கேக்க மாட்டாங்களா? அதனால காத்துக்கிட்டிருந்தான்.

"ஒரே ஒரு புகாரு பேட்டைத் தலைவருக்குப் போகட்டும், உன் பொட்டியத் தூக்கி ரோட்டுல வைக்கிறேன்"ன்னு அவ மூஞ்சிக்கு நேராவே சொன்னான்.

"பொட்டி இல்லண்ணே, எல்லாம் மூட்டைதான்"னா அவ.

இது இப்பிடி இருக்க, இந்த வருஷம் அந்த நார்வேக்காரங்க கத வந்துச்சு.

‘கா’ங்கிற எங்க ஜனத்துக்கு வருஷத்துல ஒரு மாசம் கொட்டு கெடையாது. பூசாரிங்க சோளம் வெதச்சதும் தட போட்டுருவாங்க. முப்பது நாளு கொட்டக் கூடாது, கைதட்டக் கூடாது, ஸ்பீக்கர் போடக் கூடாது. சர்ச்சுல கூட சாமியாரு மெல்லத்தான் பேசுவாரு. செத்தவன் கூட காத்திருக்கணும், எழவுச் சத்தம் ஆகாது. மண்ணுக்குள்ள வெத தூங்கணும். அது வெளஞ்சாத்தான் பசியப் பாத்துக் கேலி பண்ணுற எங்க திருவிழா. கேலி பண்ணுறதுக்கு முன்னாடி வாய மூடிக்கிட்டு இருக்கணும், அதான் கணக்கு. தடைய மீறுனவங்களப் பாத்துக்கிட, இடுப்புல செவப்புத் துணி கட்டிக்கிட்டுக் காவக்காரங்க தெருத்தெருவாச் சுத்துவாங்க.

தட என்னிக்கு ஆரம்பம்னு பூசாரிங்க சொல்லித்தான் தெரியும். வருஷத்துக்கு வருஷம் முன்ன பின்ன வரும். ஒடார்லே என்ன பண்ணிட்டா, போன வருஷம் ஆரம்பிச்ச நாள செவுத்துக் காலண்டருல பாத்து, அதுக்கு அஞ்சு நாளு முன்னாடி ஒரு கூட்டத்த வரச் சொல்லி, அவளுக்கு விருந்தாளிங்கள அனுப்புற ஒரு ஓட்டலுக்கு வாக்குக் குடுத்துட்டா. பூசாரிங்க காலண்டரா பாக்குறாங்க? இந்த வருஷம் எட்டு நாளு முன்னாடியே வெதச்சுட்டாங்க. இங்கயே பொறந்து வளந்த நாலு வயசுக் கொழந்தைக்குக் கூடத் தெரியும் அது நெலையில்லாத நாளுன்னு. இவளுக்கு இங்கிலீசு வந்ததும் அது மறந்துபோச்சு.

வரப்போறது எப்பிடிப்பட்ட கூட்டம்? நார்வேயிலேருந்து இருவத்திநாலு பேரு, எல்லாம் பாட்டுக்காரங்க. எங்க கொட்டுக்குப் பாடணும்னே சீட்டெடுத்து வர்றாங்க.

ஓட்டல்கார அம்மாவுக்கு ஒடார்லே போன் போட்டா. நான் பக்கத்துலதான் இருந்தேன். அந்தம்மா கொரல் எனக்கே கேட்டுச்சு.

"கொட்டு இல்லாம உங்க எடத்துல என்ன இருக்கு ஒடார்லே? நான் கடக்கரைப் பக்கம் இருக்கிற இன்னொரு குழுவுக்குச் சொல்லிடுறேன். இனிமே அவங்களுக்கே எல்லாத்தையும் குடுத்துடுறேன். எனக்கும் நிம்மதி."

"அம்மா, எனக்கு அந்த ஒரு நாளக் குடுங்க. புடிக்கலன்னா அப்புறம் யாரையும் அனுப்பாதீங்க, நான் கேக்க மாட்டேன்."

போன வச்சா. மூஞ்சி சாம்பலா இருந்துச்சு.

கொட்டுக்காரன் டோடூ ஒரு யோசன சொன்னான்: "அக்கா, கெழக்க அந்த மீன்புடி ஊருல இன்னும் தட ஆரம்பிக்கல. நம்மளது முடிஞ்சாத்தான் அவங்களது. கொட்டத் தூக்கிட்டு அங்க போயிரலாம்."

"தூக்கிட்டு எப்பிடிப் போவ? வாசலத் தாண்டுறப்பயே புடிப்பாங்க. கொட்டு எங்க சாத்தி வச்சமோ அங்கயே கெடக்கட்டும்."

"அப்ப என்னத்தக் காட்டுவ?"ன்னு நான் கேட்டேன்.

"இல்லாததக் காட்டுறேன் பெரிம்மா. சத்தமே இல்லாம ஒரு ஊரு எப்பிடி இருக்கும்னு காட்டுறேன்."

"சத்தமில்லாததப் பாக்க ஏண்டி ஏரோப்ளேன்ல வரணும்? அவங்க ஊருல சுடுகாடு இல்லையா?"

டோடூ சிரிச்சான். அவ சிரிக்கல.

வந்த நாளு செவ்வாக்கெழம. செவ்வாக்கெழம எங்க ஆம்பளைங்க கடலுக்குப் போக மாட்டாங்க, அது கடலம்மாவோட நாளு. வீட்டுல இருந்து வல தைப்பாங்க. அதனால ஒடார்லே நாலு பேரக் கெஞ்சிக் கூத்தாடி வலையோட எங்க வளவுல கொண்டாந்து உக்கார வச்சா. அந்தப் பக்கம் ரெண்டு பொம்பளைங்க தல பின்னுறாங்க. இந்தப் பக்கம் நான், என் அடுப்பு, ரெண்டு பெரிய அலுமினியச் சட்டி நெறய மாவு.

பஸ்ஸு பெரிய ரோட்டுலயே நின்னுருச்சு. இருவத்திநாலு பேரும் வரிசையா நடந்து வந்தாங்க. எல்லாம் தல நரச்சவங்க. கையில கிழிசல் கட்டியாச்சு. ஒடார்லே ஒதட்டு மேல ஒரு வெரல வச்சா. அவ்வளவுதான், இருவத்திநாலு பேரும் வாய மூடிட்டாங்க. வலதுகைப் பக்கத்துலேருந்து ஆரம்பிச்சு ஒவ்வொருத்தரா எல்லாருக்கும் கை குடுத்துட்டு, ஒரு சொல்லு பேசாம மணல்ல உக்காந்தாங்க.

அப்புறம் அவ குத்துச்சண்டப் பசங்க ரெண்டு பேர விட்டா. தடிப் பசங்க, ஆளு ஒவ்வொருத்தனும் கதவளவு. கையொறை இல்ல, மணி இல்ல, வெறுங்காலு. ஒருத்தன் மேல ஒருத்தன் கை படாம, காத்துலயே குத்துறானுங்க. மூச்சு மட்டும் புஸ்ஸு புஸ்ஸுன்னு. கால் மணல்ல அரைக்கிற சத்தம் ஒண்ணுதான். வேர்வ சொட்டுறது கூடக் கேக்கும்போல இருந்துச்சு. நான் மாவக் கெளறுறத விட்டுட்டுப் பாத்தேன். பொய் சொல்வானேன்? அந்தப் பசங்கள அவனுங்க டவுசரு போடாத காலத்துலேருந்து தெரியும், அவனுங்களப் போயி நான் வாயப் பொளந்துக்கிட்டுப் பாக்குறேன்.

அது முடிஞ்சதும் யாரும் அசையல. வல தைக்கிற ஊசி நைலானுக்குள்ள போயி வர்றது கேக்குது. அப்பதான் எனக்கு அது கேட்டுச்சு. கடலு. அம்பத்திரெண்டு வருஷமா அந்த வளவுல வாழுறேன், அங்கேருந்து கடல் சத்தம் கேக்கும்னு எனக்குத் தெரியாது. எப்பவும் என் வாயி, பக்கத்து வீட்டு ரேடியோ, தெருவுல ஹாரன். ஒரு நார்வேக்காரக் கெழவி கண்ண மூடிக்கிட்டுத் தலைய மெல்ல அந்தப் பக்கமாத் திருப்புனா. அவளுக்கும் அதே கேட்டிருக்கு. ஒடார்லே என்னப் பாத்தா. மனசுக்குள்ள, இவ ஜெயிச்சுட்டாடின்னு தோணுச்சு.

அந்த நேரம் பாத்து வந்துச்சு சனியன்.

ஆர்மா திருவிழாவுக்குன்னு ஒரு செம்மறிக் கெடா வளத்தான். கட்டிப் போட மாட்டான், ஊருச் சோத்துல வளரட்டும்னு விட்டுருவான். அது நேரா வந்து, என் ரெண்டாவது சட்டியில கொம்போட மூஞ்சிய விட்டுருச்சு. மூணு நாளு புளிக்க வச்ச மாவு! எனக்குத் தட எங்க ஞாபகம் வரும்? பக்கத்துல கெடந்த காலிச் சட்டியத் தூக்குனேன், கரண்டியால ஓங்கி அடிச்சேன். ஒண்ணு இல்ல, மூணு அடி. டமார், டமார், டமார்னு பேட்ட பூராக் கேட்டுச்சு. கூடவே என் வாயும். என்ன சொன்னேன்னு இங்க சொல்ல வேணாம்.

கெடா ஓடிப்போச்சு. நான் கையில சட்டியோட நிக்கிறேன். வல தைக்கிறவங்க ஊசியக் கீழ போட்டுட்டாங்க. தல பின்னுறவ வாயப் பொத்திக்கிட்டா. நார்வேக்காரங்களுக்கு ஒண்ணும் புரியல, ஆனா ஏதோ ஆகக்கூடாதது ஆயிருச்சுன்னு எங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சுக்கிட்டாங்க. நான் சட்டியக் கீழ வச்சேன். மெதுவாத்தான் வச்சேன். இனிமே மெதுவா வச்சு என்ன?

அடுத்த நிமிசம் செவப்புத் துணிக்காரங்க அஞ்சு பேரு உள்ள வந்துட்டாங்க. இவ்வளவு சீக்கிரம் எப்பிடி வந்தாங்கன்னு பாத்தா, பின்னாடி ஆர்மா. வெள்ளக்காரங்க வர்றது தெரிஞ்சு, இவ எப்பிடியும் கொட்டுவான்னு காவக்காரங்களத் தெருமொனையில நிறுத்தி வச்சுக்கிட்டே இருந்திருக்கான்.

"பாத்தீங்களா? நான் சொல்லல? சோளம் மண்ணுல கெடக்கையில வெள்ளக்காரனுக்குக் கூத்து நடத்துறா!"

"யாரு அடிச்சது?"ன்னு காவக்காரங்கள்ல பெரியவன் கேட்டான்.

ஒடார்லே ஒரு எட்டு முன்னால வந்தா. "நான்தான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. ஆனா இத எழுதிக்கோங்க, நான் வாயத் தொறக்கல. ஊரையே வாயால வகுந்தவ நான், அன்னிக்கு நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. பயம். பெரியவங்க முன்னால நின்னு பதில் சொல்லணும்ங்கிற பயம். எம்புருஷன் குடும்பத்துக்கு அவமானம் தேடிக் குடுத்த கைம்பொண்ணுன்னு சொல்லுவாங்களேங்கிற பயம்.

காவக்காரங்க அவ ரூமுக்குள்ள போயி நாலு கொட்டையும் தூக்கிட்டாங்க. தட போட்ட நாள்லேருந்து அது அசைஞ்சதே இல்லைன்னு அது மேல கெடந்த தூசியே சொல்லுச்சு. யாரு பாத்தா? கொட்டு முன்னால போகுது, அவ பின்னால போறா. வாசல்ல நின்னு விருந்தாளிங்கள ஒரு தடவ திரும்பிப் பாத்தா. அப்புறம் என்னப் பாத்தா. கண்ணக் காட்டுனா, "பேசாம இருங்க பெரிம்மா"ன்னு.

அந்தக் கண்ணு ஜாடைதான் என்ன எழுப்பி விட்டுச்சு. எனக்கு யாருடி உத்தரவு போடுறது? செருப்ப மாட்டுனேன், கெளம்புனேன்.

பேட்டைத் தலைவர் வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டிட்டு உள்ள போனேன். தலைவர் நடுவுல, பெரியவங்க ரெண்டு பக்கமும். அவருக்காகப் பேசுற பேச்சுக்காரரு கோலப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஒடார்லே மண்டி போட்டிருக்கா. ஆர்மா மூச்சு விடாம சொல்லிக்கிட்டிருக்கான்: "அந்த வளவுலேருந்து இவள வெளியேத்த நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும். எங்க குடும்பத்துப் பேரு கெடுது."

"நான் பேசலாமா?"

பேச்சுக்காரரு என்னப் பாத்தாரு. "நீ எதுக்கும்மா வந்த?"

"சட்டிய அடிச்சது நான்."

"பெரிம்மா!"ன்னா ஒடார்லே.

"நீ வாய மூடு. எனக்கு வாயி இருக்கு, இவ்வளவு நேரம் கடன் குடுத்திருந்தேன்."

பேச்சுக்காரரு கேட்டாரு: "கொட்டா, சட்டியா?"

"கொட்டத் தொட்டுப் பாருங்க, தூசி இருக்கு. அடிச்சது என் அலுமினியச் சட்டி. இந்தா கரண்டி." இடுப்புலயே சொருகி வந்திருந்தேன்.

"எதுக்கு அடிச்ச? தட தெரியாதா உனக்கு?"

"தெரியும் ஐயா. ஆனா என் மாவுக்குள்ள தலைய விட்ட செம்மறிக்குத் தெரியல."

"யாரு செம்மறி?"

நான் ஆர்மாவப் பாத்தேன். அவன் கால்ல எறும்பு கடிச்சமாதிரி எடம் மாறி நின்னான்.

"சொல்லும்மா, யாரு செம்மறி?"

"காதுல வெட்டு போட்ட கெடா. தோ நிக்கிறாரே என் கொழுந்தன், அவருதுதான். கட்டிப் போட மாட்டாரு."

ஒரு பெரியவரு துண்டால வாயப் பொத்திக்கிட்டாரு. தோளு குலுங்குது. சத்தமாச் சிரிக்கவும் முடியாதே, தட இருக்கே! தலைவர் மேல பாத்துக்கிட்டு மீசையத் தடவுனாரு. பேச்சுக்காரரு மட்டும் மூஞ்சி மாறாம ஆர்மா பக்கம் திரும்புனாரு.

"இந்தம்மா யாரு?"

"எங்க... எங்க அண்ணன் பொண்டாட்டி."

"உங்க குடும்பத்துப் பொம்பள தப்பு பண்ணா, பதில் சொல்ல வேண்டியது யாரு?"

"குடும்பத் தல."

"குடும்பத் தல யாரு?"

அவன் கொரல் கேக்கவே இல்ல. இப்ப அவனும் தடைய மதிக்கக் கத்துக்கிட்டான்.

தண்டம் வழக்கப்படிதான்: ரெண்டு பாட்டில் சீமைச் சாராயம், ஒரு கெடா. எந்தக் கெடான்னு அவங்க சொல்லவே வேண்டியிருக்கல. ஆர்மா எல்லாரு முன்னாலயும் மண்டி போட்டு, "சத்தம் எங்க வீட்டு அடுப்புலேருந்து வந்துச்சு, குடியிருக்கிறவ மேல குத்தமில்ல"ன்னு அவன் வாயாலயே சொன்னான். அப்பிடிச் சொன்னவன் நாளைக்கே அவள எப்பிடித் தொரத்துவான்? ஊரே கேட்டுச்சே. கொட்டத் திருப்பிக் குடுத்துட்டாங்க, தட முடியிற வரைக்கும் தொடக் கூடாதுன்னு சொல்லி.

வெளிய வந்ததும் ஒடார்லே என்னத் திட்டுனா. எனக்கு அது புதுசு.

"உங்கள யாரு வரச் சொன்னா? நான் பாத்துக்க மாட்டேனா?"

"என்னத்தப் பாத்த? ரோட்டுல மூட்டையப் பாத்திருப்ப."

"உங்கள மண்டி போட வச்சிருப்பாங்களே பெரிம்மா!"

"என் முட்டிக்கு மடங்கவே தெரியாது. அதனாலதான் நின்னுக்கிட்டே பேசுனேன்."

வளவுக்குத் திரும்புனா, அந்த இருவத்திநாலு பேரும் போகவே இல்ல. டிரைவரு கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தானாம், அசையலயாம். எங்களக் கண்டதும் எல்லாரும் எழுந்து நின்னாங்க. கை தட்டணும்னு ஒருத்தன் ரெண்டு கையையும் தூக்கிட்டான். எடது கையில கட்டுன கிழிசலப் பாத்தான், அப்பிடியே நிறுத்திக்கிட்டான். அப்புறம் வரிசையா வந்து, வலதுகையால, மொதல்ல ஒடார்லேக்கு, அப்புறம் எனக்கு, ஒவ்வொருத்தரா கை குடுத்தாங்க. ஒரு சத்தமில்ல. கடலு மட்டும் கேட்டுச்சு. அதுக்கப்புறம் எல்லாரும் கென்கே தின்னாங்க. கெடா வாய் வச்ச சட்டி மாவுல செஞ்சதில்ல, நல்லதுதான் குடுத்தேன்.

சாயங்காலம் ஓட்டல்கார அம்மா போன் போட்டுச்சு. அவங்க அங்க போயி என்ன சொன்னாங்களோ, தட முடியிறதுக்குள்ள இன்னொரு கூட்டத்த அனுப்பலாமா, அதே மாதிரி சத்தமில்லாமன்னு கேட்டுச்சு. கெழவி சட்டி அடிக்கிறதும் அதுல சேத்திதானான்னு வேற கேட்டுச்சாம். ஒடார்லே இல்லன்னுட்டா. புத்தி வந்துருச்சு.

எங்க ஊரு வழக்கம் ஒண்ணு இருக்கு. உதவி செஞ்சவங்களுக்கு அன்னிக்கே நன்றி சொன்னா அது பாதிதான். மறுநாள் விடிஞ்சதும் அவங்க வாசலுக்குப் போயி, "நேத்துக்கு நன்றி"ன்னு சொன்னாத்தான் அது முழுசு. என் அடுப்புலேருந்து அவ வாசலுக்குப் பத்து எட்டு. பதினோரு வருஷத்துல நான் அந்தப் பத்து எட்டு வச்சதில்ல.

மறுநாள் காலையில ரெண்டு கென்கே, பொரிச்ச மீனு, எல்லாத்தையும் ஒரு தட்டுல வச்சு எடுத்துக்கிட்டுப் போயி கதவத் தட்டுனேன். பல்லு வெளக்கிட்டிருந்தா. வாய் நெறய நொர.

"பெரிம்மா? என்ன ஆச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"வாயக் கொப்புளிச்சுட்டு வா. நன்றி சொல்ல வந்திருக்கேன்."

அப்பிடியே நின்னா. நொர தாடையில வழியுது.

"நேத்துக்கு நன்றி"ன்னேன். "நேத்துக்கு மட்டுமில்ல. எம்புருஷன் செத்த வருஷத்துக்கும்."

"அது எட்டு வருஷமாச்சு பெரிம்மா. இது ரொம்ப லேட்டு."

"லேட்டுதான். அதனாலதான் மீனு கூட ரெண்டு வச்சிருக்கேன்."

அவ திரும்பிக்கிட்டுப் போயி மூஞ்சியக் கழுவுனா. ரொம்ப நேரம் கழுவுனா. அப்புறம் ஸ்டூல இழுத்துப் போட்டு, தொடச்சு, என்ன உக்காரச் சொன்னா. ரெண்டு கையாலயும் டம்ளருல தண்ணி குடுத்தா, வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குக் குடுக்குற மாதிரி. நான் குடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்திருந்தா. அதுக்கப்புறம்தான் எதிர்ல உக்காந்து, மொறையா, "வந்த சேதி என்ன?"ன்னு கேட்டா.

மொறையாக் கேட்டா மொறையாத்தான் சொல்லணும். மொத மொதல்ல அந்த ரெண்டு பேரு கேமராவோட வந்த நாள்லேருந்து ஒண்ணு விடாம சொல்ல ஆரம்பிச்சேன்.